சுலோசனாவின் குரலைப் பெட்டிக்குள் வைத்தேன்

மாம்பழத்தோல் புளிக்கிற வாசனை முதல் மூச்சில் இனிப்பாகத்தான் வரும். இரண்டாவது மூச்சில் சாராயமாகும். மூன்றாவது மூச்சில் செத்த எலி. சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு போகும் சாலையில், ஆனி மாதத்தில், பேருந்து ஜன்னலை மூடிக்கொண்டு மூக்கையும் மூடிக்கொண்டு போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாம்பழக்கூழ் ஆலைகள் சதையை எடுத்துக்கொண்டு தோலையும் கொட்டையையும் சாலையோரத்துக்கு விட்டுவிடும். வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பழவண்டிக்காரர் கூடையின் அழுகலைச் சாக்கடைப் பக்கம் தட்டினார். கீரைக்கட்டும் கையுமாக நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். மூன்றாவது மூச்சு உள்ளே போவதற்குள் நான் அந்த அறையில் இருந்தேன்.

எட்டடிக்கு ஆறடி அறை. ஆலை அலுவலகத்தின் பின்கட்டு. சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. வெளியிலிருந்து வருகிற நான்கு லைன், உள்ளே முப்பத்திரண்டு போன். மூடியைத் திறந்தால் சூடான தூசியின் வாசனையும் ஜன்னல் வழியே வரும் மாம்பழ வாசனையும் ஒன்றாகக் கலக்கும். மேசையில் ஆபரேட்டர் போன். அதன் முன்னால் சுலோசனா.

வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை. போன் மணி அடித்தது. பக்கத்தில் நின்றிருந்த நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"தொடாதே!"

கையைப் பாம்புப் புற்றிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மணி. பிறகு நின்றுவிட்டது. சுலோசனா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வராது என்று நிச்சயமான பிறகு, சொம்பிலிருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தாள்.

"யாருக்கா அது? எடுக்கவே இல்லியே?"

"எந்தங்கச்சி. குவைத்துல கீறா. எடுத்தா அவளுக்கு கார்டுல காசு போய்டும். ரெண்டு அடிச்சு நின்னா நல்லா கீறான்னு அர்த்தம்."

"மூணு அடிச்சா?"

"மூணு அடிச்சு நின்னா, மறுபடி வர்றதை எடுக்கணும். பேசணும்னு அர்த்தம்." சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நாலு அடிச்சா அது எவனோ லாரி கேக்கறவன்."

கையை உதறும் மணி

எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்குப் போவது அப்போது ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. கைபேசி என்பது மேனேஜர்களின் இடுப்பில் மட்டும் இருந்த காலம். சமையலுக்கு, குழந்தை பார்க்க, வீடு துடைக்க என்று போனவர்கள், ஊரில் எங்கே ஒரு போன் இருக்கிறதோ அந்த எண்ணை ரவிக்கைக்குள் மடித்துக்கொண்டு போனார்கள். மளிகைக்கடை எண், மருந்துக்கடை எண். சுலோசனாவின் தங்கை குமாரி கொண்டுபோனது அக்கா வேலை செய்யும் ஆலையின் நாலாவது லைன் எண்.

வெள்ளிக்கிழமை அங்கே வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போகிற நேரம் இங்கே இரண்டரை. எஜமானியம்மா குளிக்கப் போகும் பத்து நிமிடத்தில் குமாரி ஹாலிலிருக்கும் போனை எடுப்பாள்.

மணி என்றால் என்ன என்று என்னைப்போல் கம்பி பிடித்தவர்களைக் கேட்க வேண்டும். போன் அடிக்கும்போது அந்தச் செம்புக் கம்பியில் திடீரென்று மின்சாரம் ஏறும். வெறும் விரலால் தொட்டால் முழங்கை வரைக்கும் உதறும். இளவயதில், எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று தெரியாவிட்டால், ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். கை துள்ளினால் அதுதான். திருமலை விடுதிகளில் நான் போன் மாட்டித் திரிந்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். விடியலுக்கு முன் தரிசனத்துக்கு எழுப்பச் சொல்லிப் படுத்த நூறு பேரையும் ஒரே நேரத்தில் மணியடித்து எழுப்பி, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெந்நீர் கேட்டுக் கத்திய கதை. அந்த மணியெல்லாம் என் விரல் வழியாகப் போனவை.

பிறகு இன்டர்நெட் வந்தது.

திருப்பதியில் நான் வேலை செய்த கடைக்கு ஒரு புதுப் பெட்டி வந்து இறங்கியது. செங்கல் அளவு. முன்பக்கம் பச்சை விளக்குகள். பழைய எக்ஸ்சேஞ்சைத் தூக்கி எறிய வேண்டாம். இந்தப் பெட்டியை அதற்கும் வெளி லைனுக்கும் நடுவில் வைத்து, மறுபக்கம் இன்டர்நெட் கம்பியைச் சொருகினால் போதும். பழைய போனிலேயே சித்தூர் ஆலையும் திருப்பதி ஆபீசும் சென்னைத் துறைமுக ஆபீசும் ஒரே வீடுபோல் பேசிக்கொள்ளலாம். பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்து ஒட்டிக்கொள்ளும்.

அப்போதே நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன். குரல் பொட்டலமாகப் போகிறது என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கையை உதறாத மணி! வயர் முறுக்கும்போதுகூட சிரித்துக்கொண்டிருந்தேன் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

அம்மாவுக்கு சீரியஸ்

ஆலையில் எனக்கு எட்டு நாள் வேலை இருந்தது. சுலோசனா நகரி பக்கத்துப் பெண். புத்தலப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். தொழிலாளர்களிடம் தமிழ், மேனேஜரிடம் தெலுங்கு, கணவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டும் கலந்த ஒன்று. நானும் நகரி பக்கம் என்று தெரிந்ததும் என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு கரண்டி களியை வைத்து, "துன்னுப்பா, திருப்பதி ஓட்டல் சோறு துன்னு துன்னு உன் மூஞ்சி வௌவால் மாதிரி ஆய்டுச்சு" என்றாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. தாய்க்கு உடல்நிலை மிக மோசம், உடனே புறப்பட்டு வரவும்.

"ஐயோ, அம்மாவுக்கு இன்னாக்கா?"

"அம்மாவுக்கு இன்னா, நேத்து ரெண்டு படி கேவுரு அரைச்சுது."

குமாரியின் இரண்டு வருடம் முடியப் போகிறது. எஜமானியம்மா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடு என்கிறாள். பாஸ்போர்ட் அவள் பீரோவில். போகிறேன் என்று சொன்னால் விடமாட்டாள். ஆனால், பெற்ற தாய்க்கு முடியவில்லை என்று ஊரிலிருந்து தாள் வந்தால் அந்த வீட்டு ஐயாவே டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார். அங்கிருந்து திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் தாயைப் படுக்கையில் தள்ளித்தான் திரும்பி வந்தார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்பே, ஊருக்கு வந்துபோன ஒருத்தியின் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் குமாரி இதைக் கேட்டிருந்தாள். சுலோசனா மறுத்துவிட்டாள்.

"உசுரோட கீற அம்மாவ நானே எழுத்துல சாவடிக்கிறதா? கை வரலப்பா. மாட்டேன்னு எழுதிட்டேன். அவளும் அப்புறம் கேக்கல. ரெண்டு மணி மட்டும் வந்துகினு இருந்துச்சு."

"இப்ப எப்படி அடிச்சீங்க?"

"அம்மாதான் அடிக்க வெச்சுது. 'ஏண்டி, சீரியஸ்னு அனுப்பு. அன்னைக்கி பூரா நான் கயித்துக் கட்டில்ல படுத்துக்கறேன். உனுக்குப் பொய் சொன்ன பாவம் வராது'ன்னுச்சு."

தாள் தயார். அதை அனுப்ப அந்த வீட்டு ஐயாவின் ஆபீஸ் பேக்ஸ் எண் வேண்டும். அது குமாரியிடம்தான் இருக்கிறது. அவளுக்குத் தபாலில் கடிதம் போட்டால் எஜமானியம்மா பிரித்து, படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுவாள்; கையில் கொடுத்தனுப்ப அப்போது ஆளில்லை. இரண்டு மணிக்குள் இங்கே எடுத்தால், வேறு யாரோ என்று பயந்து வைத்துவிடுவாள். அதனால், கையெழுத்துப் போடும் நாளுக்கு முன் குமாரியே மூன்று மணி அடித்துப் பேசினால்தான் உண்டு. கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று சுலோசனா நம்பினாள்.

"அந்த நாலாவது லைனை மட்டும் உன் பொட்டில சேக்காதப்பா. பழையபடி என் மேசைல அடிக்கட்டும். அவ பேசினப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோ."

"இதுக்கென்னக்கா, நாலாவதை நான் தொடவே மாட்டேன்."

சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு லேசாகப் போனது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

குரல் எடுத்த நாள்

மேனேஜர் கடப்பைக்காரர். நல்ல மனிதர். அவருக்கு மணியோசையே ஆகாது. "வெளிநாட்டு பார்ட்டி போன் செய்தால் முதல் மணியிலேயே பதில் போக வேண்டும். நம் ஆபீசில் போன் அடித்துக்கொண்டே இருந்தால் மானம் போகிறது" என்பார் தெலுங்கில். புதுப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியும். அழைப்பு வந்த மறுநொடி அதுவே எடுத்து, பதிவுசெய்த குரலில் வணக்கம் சொல்லும். உள் எண் தெரிந்தவர்கள் அழுத்தினால் அந்த அறைக்கு அனுப்பும். ஆபரேட்டர் வேண்டுமென்றால் சுலோசனாவிடம் அனுப்பும். எதையும் அழுத்தாவிட்டால், சொன்னதையே இன்னொரு முறை சொல்லிவிட்டுத் துண்டிக்கும்.

குரலுக்கு யார்? மேனேஜர் சுலோசனாவைக் காட்டினார். அவள் வெட்கப்பட்டாள். சந்தோஷமும் பட்டாள்.

ஜன்னலைச் சாத்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம். மாம்பழ வாசனையும் வியர்வையுமாக அறை கொதித்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நமஸ்காரமண்டி. லைன்லோ உண்டண்டி."

வணக்கம், லைனிலேயே இருங்கள். உள் எண்ணை அழுத்தச் சொல்லும் வரி அதற்குப் பிறகு வரும். இந்த முதல் இரண்டு வரிகளை அவள் பதினான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி, கூழாங்கல்போல் ஆக்கி வைத்திருந்தாள். 'உண்டண்டி'யின் கடைசி எழுத்தைக் கீழே வைக்காமல் கொஞ்சம் தூக்கியே பிடிப்பாள். கேட்பவர்களுக்கு, இவள் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள், இருப்போம் என்று தோன்றும்.

மூன்றாவது முறை சரியாக வந்தது. போட்டுக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ யார்ரா ஜமீன்தார் பொண்டாட்டி!" என்றாள்.

அப்போது அவள் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. சொல்ல வேண்டுமென்று அவளுக்கும் தோன்றியிருக்காது. மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது குமாரி பேச வந்துவிட்டால், சுலோசனா இதே 'லைன்லோ உண்டண்டி'யைச் சத்தமாகச் சொல்லிவிட்டு காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் குமாரி சொல்ல வேண்டியதைக் கடகடவென்று சொல்லி முடிப்பாள். சுலோசனா "சரேனண்டி", சரிங்க, என்று சொல்லி வைத்துவிடுவாள். அக்கா தங்கைக்குள் அது ஒரு ஏற்பாடு.

கடைசி நாள் சனிக்கிழமை. சுலோசனா அரைநாளில் போய்விட்டாள். நான் மூன்று லைனைப் பெட்டியில் சேர்த்துவிட்டு, மூடியைச் சாத்தப்போகும்போது மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அது என்ன, ஒன்று தனியாகத் தொங்குகிறது?"

அவருக்குக் காரணம் சொல்லியிருக்கலாம். மகள்கள் உள்ளவர். தலையாட்டியிருப்பார் என்றே இன்று நினைக்கிறேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் திருப்பதிக்கு நின்றுகொண்டு போக வேண்டும். "ஒன்றுமில்லை சார்" என்று சொல்லி நாலாவதையும் பெட்டியில் சொருகினேன். அடுத்த வாரம் வந்து சத்தமில்லாமல் பிரித்துவிட்டால் போயிற்று. அரைமணி வேலை.

அடுத்த வாரம் திருமலையில் ஒரு விடுதி. அதற்கடுத்த வாரம் திருச்சானூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம்.

"அவங்க பண்ணலைன்னா"

மூன்றாவது வெள்ளிக்கிழமை, நாலு மணி வாக்கில், கடைக்குப் போன் வந்தது.

"ஏம்ப்பா, நான் சுலோசனா. லைன் நல்லா கீதா?"

"ஏன்க்கா?"

"மூணு வாரமா மணியே வரல. ரெண்டு அடிக்கணுமே. மத்த போனெல்லாம் வந்துகினுதான் கீது. நாலாவதுல ஏதாச்சும் கோளாறா?"

எனக்கு நினைவு இருந்தது. மறந்திருந்தேன் என்று எழுதினால் இந்தத் தொடரை நான் எழுதவே கூடாது. எதிரே முதலாளி உட்கார்ந்திருந்தார். 'நாலாவதையும் சேர்த்துவிட்டேன் அக்கா' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லைன் நல்லாத்தான் இருக்குக்கா. அவங்க பண்ணலைன்னா எப்படி வரும்?"



"ஆமா," என்றாள். "அதானே. அவ பண்ணாதானே."

நான் சித்தூருக்குப் போக இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் ஆலையில் பேச்சு எதிரொலிக்கிறது என்று புகார் வந்த பிறகு.

கையில் வந்த கடிதம்

அறைக்குள் நுழைந்ததும் சுலோசனா எழுந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு கடிதத்தை நீட்டினாள். குவைத்திலிருந்து திரும்பிய ஒரு பெண்மணி கொண்டுவந்து திருப்பதியில் தபாலில் போட்டது. இரண்டு பக்கம். எனக்கு மனப்பாடம்.

'அக்காவுக்கு குமாரி எழுதறது. நான் மூணு வாட்டி பேசினேன். மொத வாட்டியே பேக்ஸ் நெம்பர் சொல்லிட்டேன். நீ லைன்லோ உண்டண்டின்னு சொல்லிட்டு கம்னு இருந்தே. மேனேஜர் நிக்கிறாரு போலன்னு இருந்தேன். நடுவுல ஏதோ நெம்பர் கிம்பர்னு தெலுங்குல பேசினே, நான் அழுதுகினு இருந்ததால வெளங்கல. அப்புறம் வெச்சுட்டே. ரெண்டாவது வாட்டி கால்ல வுழாத கொறையா கேட்டேன். அதுக்கும் லைன்லோ உண்டண்டி. மூணாவது வாட்டி அம்மா மேல சத்தியமா சொன்னேன், இங்க இனிமே முடியாது, தாள் அனுப்புன்னு. அதுக்கும் வெச்சுட்டே. உன் புத்தி வெளங்கிடுச்சு. நான் இங்க கெடந்தா உனுக்கு நல்லது. ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன். இனிமே மணி அடிக்க மாட்டேன்.'

"நான் எப்பப்பா எடுத்தேன்?" சுலோசனா என் சட்டையைப் பிடிக்காத குறை. "எப்ப வெச்சேன்? இவளுக்கு பைத்தியம் கியித்தியம் புடிச்சுட்டுதா? எனக்குப் புடிச்சுட்டுதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். பெட்டி எல்லா அழைப்பையும் குறித்து வைத்திருக்கும். நாலாவது லைன். முதல் வெள்ளி, இரண்டரை மணி, மூன்று நொடி. இரண்டு மணி அடித்து நிறுத்த நினைத்தவள், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பயந்து வைத்திருக்கிறாள். இரண்டாவது வெள்ளி, மூன்று நொடி. மூன்றாவது வெள்ளியில் ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று அழைப்பு. ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு நொடி. பெட்டி தன் பாடத்தை இரண்டு முறை சொல்லித் துண்டிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த மூன்றாவது வெள்ளியில்தான் சுலோசனா எனக்குப் போன் செய்தாள். குமாரி பேசி முடித்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து.

அவளை மேனேஜர் அறைக்கு அழைத்துப்போய், அங்கிருந்த போனிலிருந்து நாலாவது லைனின் எண்ணை அடித்து, ரிசீவரை அவள் காதில் வைத்தேன். தன் குரலைத் தானே முழுவதும் கேட்டாள். இரண்டாவது முறையும் கேட்டாள். டொக்கென்று துண்டிக்கப்பட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"நாலாவத சேக்க மாட்டேன்னியே."

"மேனேஜர் வந்து..."

"போன்ல கேட்டனே உன்ன. லைன் நல்லா கீதான்னு."

அவள் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. டிராயரைத் திறந்து அந்த ஒற்றை வரித் தாளை எடுத்து, மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராக்டர் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றே அவள் எழுதினாள், அது இயந்திரம், நான் எடுக்கவே இல்லை என்று. அதே பெண்மணியின் உறவுக்காரி ஒருத்தி கொண்டுபோனாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. 'கதை சொல்லாதே, உன் குரல் எனக்குத் தெரியாதா.'

இயந்திரம் என்றால்

அந்த இரண்டு வருடத்துக்குள் அவர்கள் அம்மா உண்மையாகவே படுத்தாள். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டாள். தகவல் குமாரிக்குப் போனது. எஜமானியம்மா விட்டாளா இல்லையா, அல்லது குமாரிதான் அதையும் கதை என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. அவள் வரவில்லை. கெடு முடிந்துதான் வந்தாள். வந்து நாற்பது நாள் நகரியில் மாமன் வீட்டில் இருந்தாள். அக்கா வாசல் மிதிக்கவில்லை. அக்கா தேடிப் போனபோது கொல்லைப் பக்கமாக வெளியே போய்விட்டாளாம். மறுபடி குவைத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

குமாரி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் சுலோசனா கடைக்கு வந்தாள். ஆபரேட்டர் வேலை போய், ஆலையிலேயே லாரி அனுப்பும் பிரிவில் இருந்தாள். எனக்கு முன்னால் உட்காரவில்லை.

"மலைக்கு சாமி பாக்க வந்துகீறா. நாளைக்கி காலையில திருப்பதி பஸ் ஸ்டாண்டுல மெட்ராஸ் வண்டி ஏர்றா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொல்லு. நீ வெச்சதுதானே அது."

போனேன். பத்து மணி வெயில். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவில், கயிறு கட்டிய பெரிய பெட்டியோடு அவள் நின்றிருந்தாள். அக்காளின் அதே நெற்றி. கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல் வெளுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறிக் கோடு விழுந்து கிடந்தன. நான் யாரென்று சொன்னேன்.

"ஓ, மிஷினு அண்ணாவா," என்றாள். "அவ அனுப்பிச்சாளா? இன்னா குடுத்தனுப்பினா, இன்னொரு கதையா?"

"ஒரே ஒரு போன். கேட்டுட்டு ஏறும்மா."

எதிரே எஸ்.டி.டி. பூத். அவள் வந்தது என்னை நம்பியா, சத்தியவேடு வழியாகப் போகும் அந்த வண்டி இன்னும் நிரம்பவில்லை என்பதாலா தெரியாது. ஆலையின் நாலாவது எண்ணை அடித்து ரிசீவரைக் கொடுத்தேன். என் விரலில் எந்த உதறலும் இல்லை. பூத்தின் கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வாய் திறந்தது. "அக்கா" என்று. பிறகு மூடிக்கொண்டது. கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாவது முறை அதே இழுவையோடு அதே வார்த்தை வந்திருக்க வேண்டும். அவள் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. துண்டிப்பதற்கு முன்பே அவளாக ரிசீவரை வைத்தாள். மிக மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல்.

வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஷினுதான்," என்றாள். "அப்ப அன்னைக்கி நான் அழுதது யாருக்குமே கேக்கல."

"இல்லைம்மா."

"சரி. மிஷினுன்னே வெச்சுக்க. வாரத்துக்கு ஒருநாள் அடிக்கிற மணி மூணு வாரமா அடிக்கல. ஏன் அடிக்கலன்னு கூடப்பொறந்தவ ஒருத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டா?"

கண்டக்டர் இருக்கைகளைக் கூவிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றிருந்தால் வண்டி போயிருக்கும். சுலோசனா என்னைப் பற்றி அவளுக்கு எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இயந்திரம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாள்.

"கேட்டாங்கம்மா."

"யார?"

"என்னைத்தான். லைன் நல்லா கீதான்னு போன் பண்ணிக் கேட்டாங்க. அந்த லைனை விட்டுடு, எந்தங்கச்சி பேசுவான்னு முன்னாடியே சொல்லியும் இருந்தாங்க. தாளும் அடிச்சு டிராயர்ல வெச்சிருந்தாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"அவங்க பண்ணலைன்னா எப்படி வரும்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அதைத் தாங்கியிருப்பேன். ஒரு பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அது என்ன, எங்கே கிடந்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்று யோசிப்பதுபோல்.

பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். கயிற்றை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு அவளே தூக்கினாள். படியில் ஏறி, பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. பக்கத்திலேயே நடந்தேன்.

"அக்காகிட்ட நான் ஏதாச்சும் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பேசிக்கிறேன். இனிமே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ மட்டும் நிக்காதே, அண்ணா."